தீன்பட்டித் தொழிலின் அறம்

மாடு வளர்த்தல் வேறு. மாட்டைக் கொழுக்கவைத்து விற்றல் வேறு. முன்னது உழவனின் வீட்டோடு பிறந்து வீட்டோடு வளர்ந்த வாழ்க்கைமுறை. பின்னது கணக்கும் கடனும் சந்தையும் சேர்ந்த வாணிகம். ஓரிடத்திற் பிறந்த கன்றை இன்னோரிடத்துக்குக் கொண்டுவந்து, வேறோரிடத்தில் விளைந்த தானியத்தை ஊட்டித் தொலைவிலுள்ள நகரமக்களின் உணவுக்காக அனுப்புவதே இவ்வாணிகத்தின் சாரம். கன்றை விற்றவனும், தானியம் விளைத்தவனும், கடன் கொடுத்த வங்கியாளனும், இறைச்சியை உண்பவனும் ஒருவரையொருவர் காண்பதில்லை. இவர்கள் அனைவர்க்கும் நடுவே நிற்பவன் பட்டிக்காரன் ஒருவனே. மாட்டின் நிறையையும் எண்ணையும், தீனியின் தன்மையையும் அவன் சொல்ல, மற்றையோர் நம்பியே ஆகவேண்டும். ஆகவே இத்தொழிலின் வரலாற்றை ஆராய்வோர், அது நம்பிக்கையின் வரலாறாகவே அமைந்திருப்பதைக் காண்பர்.

இத்தொழில் பேருருக் கொண்ட நாடு ஐக்கிய அமெரிக்கா. நமது வன்னியிலும் மட்டக்களப்பிலும் பட்டி என்றால், பகலெல்லாம் மேய்ந்த மாடுகள் இரவில் அடையும் வேலியே நினைவுக்கு வரும். அமெரிக்கத் தீன்பட்டியிலோ மேய்ச்சல் என்பதே இல்லை. மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்து 700 அல்லது 800 இறாத்தல் நிறையை அடைந்த இளம் மாடுகள் அங்கே கொண்டுவரப்படும். நாலைந்து மாதங்கள் தொட்டியிலே தானியத் தீனி உண்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 இறாத்தல் வீதம் நிறை கூடி, 1200 இறாத்தலுக்கு மேற்பட்டதும் இறைச்சிச்சாலைக்குச் செல்லும். பல பட்டிகளில் நிற்கும் மாடுகள் பட்டிக்காரனுக்கு உரியவையுமல்ல. எங்கோ இருக்கும் உடைமையாளர், தீனியின் விலையையும் தலைக்கு இவ்வளவென நாட்கூலியையும் கொடுத்துத் தம் மாடுகளை அங்கே விட்டிருப்பர். பிறர் பொருளைக் காத்து, பெருக்கி, குறைவின்றித் திருப்பிக் கொடுக்கும் அடைக்கலத் தொழில் இது.

இதன் தொடக்கம் எளிமையானது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒகையோ மாநிலத்துச் சயோட்டோ ஆற்றுப் பள்ளத்தாக்கிற் குடியேறிய உழவர்க்கு ஒரு சங்கடம் இருந்தது. அவ்வண்டல் மண்ணிற் சோளம் அளவின்றி விளைந்தது. ஆனால் அதை வாங்குவோர் அலெகெனி மலைகளுக்கு அப்பால், கிழக்குக் கரை நகரங்களிலே இருந்தனர். சோள மூட்டையை வண்டியில் ஏற்றி மலை கடத்தினால் விற்ற பணம் வண்டிக் கூலிக்கே போதாது. மூட்டைக்குக் கால் இல்லை, மாட்டுக்கு உண்டு. சோளத்தை மாட்டுக்கு ஊட்டி, அம்மாட்டை நடத்திச் சென்றால் சோளமே தன் காலால் மலை கடந்ததாகும். 1805ஆம் ஆண்டில் ஜோர்ஜ் றெனிக் என்பவர் இவ்வாறு கொழுத்த மாடுகளைப் பால்டிமோர் நகர்வரை நடத்திச் சென்று விற்றார். அவரைப் பின்பற்றிப் பலர் சென்றனர். விரைந்து ஓட்டினால் வழியிலேயே ஊன் கரைந்துவிடும்; ஆதலால் நாளொன்றுக்குச் சில மைல்களே நடத்தினர். பொறுமை இல்லாதவனுக்கு இத்தொழிலில் இலாபம் இல்லை என்பது அவர்கள் கற்ற முதற் பாடம்.

அக்காலத்துப் பட்டியில் வீண்போவது யாதும் இல்லை. கதிரோடு அறுத்துக் கட்டிய சோளத்தட்டை வயலிலேயே மாடுகளுக்கு இடப்பட்டது. மாடு சிந்தியதையும், செரியாமற் கழித்த மணிகளையும் பின்னால் வந்த பன்றிகள் பொறுக்கித் தின்றன. எரு அதே மண்ணிற் சேர்ந்தது. விளைச்சலும் மாடும் எருவும் ஒரே வேலிக்குள் சுற்றிவந்தமையால் உழவன் தன் தவறுக்குத் தானே விலை கொடுத்தான். தொழில் பெருகிச் சந்தை தொலைவானபோதுதான் ஒருவன் செய்த தவற்றுக்கு இன்னொருவன் விலை கொடுக்கும் நிலை தோன்றியது.

அந்நிலையைக் காட்டும் பழங்கதை ஒன்று உண்டு. பிற்காலத்தில் நியூயோர்க் பங்குச் சந்தையிற் பெயர்பெற்ற தானியேல் துறூ, இளமையில் மாடு ஓட்டி விற்றவர். சந்தைக்குச் செல்லும் வழியிலே அவர் தம் மாடுகளுக்கு உப்பை ஊட்டித் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, நிறுவைக்குச் சற்று முன்னர் வயிறு முட்டக் குடிக்கவிடுவார் என்றும், இறைச்சி விலைக்குத் தண்ணீரை விற்றார் என்றும் சொல்வர். ஆங்கிலத்தில் மந்தைக்கும் கம்பனிப் பங்குக்கும் ஒரே சொல் வழங்குவதால், உள்ளீடின்றி மதிப்பூதிய பங்கை ‘நீரூட்டிய பங்கு’ என அழைக்கும் வழக்கும் இக்கதையோடு சேர்த்துப் பேசப்படுகின்றது. கதை நடந்ததோ, பிறர் கட்டியதோ, அதைச் சொன்னவர்கள் மாட்டுச் சந்தையின் பலவீனத்தை நன்கறிந்தவர்கள். உயிருள்ள மாட்டின் நிறை, மணிக்கு மணி மாறுவது. ஆகையினாற்றான் இன்றும் தீன்பட்டியில் மாட்டை நிறுத்தபின், வயிற்றிலுள்ள தீனிக்கும் நீருக்குமாக நூற்றுக்கு 4 பங்கைக் கழித்தே விலை பேசும் வழக்கம் நிலவுகின்றது. ஐயத்துக்கு இடமான பகுதியை விற்பவன் முன்னதாகவே விட்டுக்கொடுத்துவிடும் ஏற்பாடு அது.

புகையிரதப் பாதைகள் வந்தபின் வாணிகம் பன்மடங்கு பெருகிற்று. 1865ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று சிக்காகோ நகரில் மாபெரும் கால்நடைச் சந்தையொன்று திறக்கப்பட்டது. மேற்கிலிருந்து மாடுகள் பெட்டி பெட்டியாக வந்து குவிந்தன. பல நாட் பயணத்தில் உணவும் நீரும் இன்றி அவை பெட்டிகளுக்குள்ளேயே விழுந்து மாண்டன. இக்கொடுமையைக் கண்டு 1873இல் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. 28 மணித்தியாலத்துக்கு ஒருமுறையேனும் கால்நடைகளை இறக்கி, தீனும் நீரும் இளைப்பாறுதலும் கொடுத்தல் வேண்டும் என்பதே அதன் விதி. வாயில்லாச் சீவனின் பசியைச் சட்டம் மணிக்கணக்கில் அளந்துரைக்க நேர்ந்தமை, அதுவரை அப்பசியை எவரும் தம் பொறுப்பாகக் கருதவில்லை என்பதற்குச் சான்றாகும்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் நியூயோர்க் நகரம் வேறொரு பாடத்தைப் பெரும் துயரத்தோடு கற்றிருந்தது. அந்நகரின் சாராய வடிசாலைகளையடுத்து மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. வடித்தெடுத்தபின் எஞ்சிய மடிக்கழிவு சூடாறுமுன்னரே பசுக்களுக்கு ஊட்டப்பட்டது. வெளிச்சமோ காற்றோ இல்லாத கொட்டில்களில் நோயுற்று நின்ற பசுக்களின் பால், தூய நாட்டுப்புறப் பால் என்ற பெயரில் விலைப்பட்டது. குழந்தைகள் பலர் மாண்டனர். 1858இல் பிராங்க் லெஸ்லியின் படப் பத்திரிகை இக்கொட்டில்களை உள்ளவாறே வரைந்து வெளியிட்டு நகரை அதிரவைத்தது. 1862இல் இத்தகைய பாலைத் தடுக்கும் சட்டம் அம்மாநிலத்தில் நிறைவேறியது. இங்கே ஒன்று கருதத்தக்கது. வடிசாலைக் கழிவு இயல்பாகவே தீய உணவன்று. இன்றும் எதனோல் ஆலைகளில் எஞ்சும் தானியக் கழிவு, தீன்பட்டிகளில் அளவறிந்து பிற தீனியோடு கலந்து ஊட்டப்படுகின்றது. அன்று குற்றமாகியது, அளவு கடந்து ஒன்றையே ஊட்டியதும், விலங்கின் நோயைப் பொருட்படுத்தாததும், உண்பவனிடம் உண்மையை மறைத்ததுமே.

அளவறிதல் என்பது இத்தொழிலுக்கு உயிர்நாடி. மாடு இரைமீட்கும் விலங்கு. அதன் நான்கு அறைகொண்ட இரைப்பை புல்லுக்கென அமைந்தது. முதலறையில் வாழும் நுண்ணுயிர்களே புல்லைப் பதப்படுத்தி மாட்டுக்கு உணவாக்குகின்றன. புல் உண்டு பழகிய மாட்டுக்குத் திடீரெனத் தானியத்தைக் கொட்டினால் அங்கே புளிப்பமிலம் பெருகும். மாடு நோயுற்று இறக்கவும் கூடும். ஆதலால் மூன்று கிழமையளவில், வைக்கோலைச் சிறிது சிறிதாகக் குறைத்துத் தானியத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். நாட்கூலிக் கணக்கைக் குறைக்க எண்ணி இவ்விடைக்காலத்தைச் சுருக்குபவன் மாட்டையே இழப்பான். விடியற்காலையில் தொட்டிகளைப் பார்வையிட்டு, முதல்நாள் தீனியில் எவ்வளவு மிஞ்சிற்று என்பதைக் கொண்டு அன்றைய அளவைத் தீர்மானிப்பதற்கென்றே ஒருவர் பெரிய பட்டிகளில் உள்ளார். குதிரையேறி ஒவ்வோர் அடைப்பிலும் புகுந்து, தலை தாழ்ந்து நிற்கும் மாட்டையும், இரைக்கு வராது ஒதுங்கும் மாட்டையும் தேடிக் காண்பவர் இன்னொருவர்.

இத்தொழிலை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தோருள் முதன்மையானவர் கொலராடோ மாநிலத்துக் கிறீலி என்னும் ஊரைச் சேர்ந்த வாறன் மொன்போர்ட். 1930களில், பொருளாதார மந்தத்தின் நடுவே அவர் மாடு கொழுப்பிக்கத் தொடங்கினார். சீனி ஆலையில் எஞ்சிய பீற் கிழங்குச் சக்கையும், அயல் வயல்களின் சோளமும், குதிரைமசாலும் அவருக்குத் தீனியாயின. குளிர்காலத்தில் மட்டும் மாடு கொழுப்பித்து, எல்லாரும் ஒரே வேளையில் விற்று, எல்லாரும் ஒரே வேளையில் விலைவீழ்ச்சியுறும் வழக்கத்தை அவர் கைவிட்டார். ஆண்டு முழுவதும் ஊட்டி ஆண்டு முழுவதும் விற்றார். ஒரு சந்தையின் நட்டத்தை இன்னொரு சந்தையின் இலாபம் ஈடுசெய்தது. பேராசைக்கு இடமற்ற இம்முறையே அவருடைய பட்டியைப் பெருக்கிற்று. பின்னாளில் அது ஓர் இலட்சம் மாடுகள் நிற்கும் பட்டியாகியது. 1960இல் கிறீலியில் இறைச்சிச்சாலையும் எழுந்தது. டெக்சாஸ், கன்சாஸ், நெபிராஸ்கா மாநிலங்களிலும் நிலத்தடி நீரைக் கொண்டு தானியம் விளைவிக்கப்பட, அங்கும் பட்டிகள் பெருகின.

பெருக்கம் புதிய கேள்விகளையும் கொண்டுவந்தது. பல்லாயிரம் மாடுகள் ஓரிடத்தில் நின்றால் எருவும் நாற்றமும் ஊரையே சூழும். சயோட்டோவில் வயலுக்கு உரமாகிய பொருள், கிறீலியில் அயலாருக்கு இடராகியது. ஊரவர் முறையீடு வலுத்தபின், 1970களில் மொன்போர்ட் குடும்பத்தினர் தம் பட்டிகளை ஊருக்கு அப்பால் அகற்றினர். 1972இல் நிறைவேறிய தூய நீர்ச் சட்டம், பெரிய தீன்பட்டிகளையும் ஆலைகளைப்போலவே நீரை மாசுபடுத்தக்கூடிய இடங்களாகக் கணித்தது. பட்டியின் கழிவுநீர் ஆற்றிற் சேராது குட்டைகளில் தேக்கப்படலாயிற்று. அயலவனின் கிணறும் பட்டிக்காரனின் கணக்கில் அடங்கும் என்பது இவ்வாறு உறுதியாயிற்று. ஆயினும் எட்டு மாநிலங்களின் கீழே பரந்துள்ள ஓகலாலா நிலத்தடி நீர், மழையால் நிரம்புவதிலும் விரைவாகப் பல இடங்களில் இறைக்கப்பட்டு வற்றிவருகின்றது. அந்நீரை இழப்பவர் இன்னும் பிறவாதவர்கள். முறையிட அவர்களுக்கு வாய் இல்லை.

விரைவின்மேற் கொண்ட ஆசை மருந்தின் உருவிலும் வந்தது. 1954இல் டி.ஈ.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் செயற்கை ஓமோனை மாட்டுத்தீனியிற் கலக்க அனுமதி கிடைத்தது. குறைந்த தீனியில் மிகுந்த நிறை கிடைத்தமையால் அது காட்டுத்தீப்போற் பரவியது. 1971இல், கருவுற்ற காலத்தில் அம்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் புதல்வியரிடையே அரிய புற்றுநோயொன்று மருத்துவர்களாற் கண்டறியப்பட்டது. நீண்ட வழக்குகளின்பின் 1979இல் மாடுகளுக்கு அதைக் கொடுப்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. தடையின் மறு ஆண்டே, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளுக்கு அம்மருந்து களவாகப் பதிக்கப்பட்டமை வெளிப்பட்டது. சட்டம் தடுத்ததைச் சிலருடைய மனம் தடுக்கவில்லை. அவ்வவமானத்தின் பின்னரே, எந்த மாட்டுக்கு எந்த நாளில் எம்மருந்து கொடுக்கப்பட்டது என எழுதிவைத்தலும், மருந்தின் எச்சம் உடலினின்று நீங்கும் நாட்கள் கழியுமுன் மாட்டை விற்காதிருத்தலும் தொழிலின் ஒழுங்காக வேரூன்றின. மனிதரின் நோய்க்கு இன்றியமையாத நுண்ணுயிர்க்கொல்லிகளை நிறை கூட்டுவதற்காக ஊட்டும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும், ஐக்கிய அமெரிக்கா 2017இலும் நிறுத்தின.

பணத்தில் நேர்மை வேண்டும் என்பதை 1970கள் கற்பித்தன. 1973 மார்ச்சில் சனாதிபதி நிக்சன் இறைச்சிக்கு உச்ச விலை விதித்தார். விலை உயரும் நாளுக்காகப் பலர் மாடுகளை விற்காது பட்டியிலேயே நிறுத்தினர். தானிய விலையோ ஏறிக்கொண்டிருந்தது. செப்டெம்பரில் கட்டுப்பாடு நீங்கியபோது, அளவுமீறிக் கொழுத்த மாடுகள் ஒருங்கே சந்தைக்கு வந்து விலை சரிந்தது. அடுத்த ஆண்டில் தலைக்கு 100 டொலரும் அதற்கு மேலும் இழந்தவர் பலர். இந்த அடியிலிருந்து எழுமுன், 1975 ஜனவரியில் பெரிய இறைச்சிக் கம்பனியொன்று முறிந்தது. பல மாநிலங்களின் வளர்ப்போரும் பட்டிக்காரரும் மாடுகளைக் கொடுத்துவிட்டுக் காசோலைக்குக் காத்திருந்தனர். அவர்களுக்கு வரவேண்டியது ஏறத்தாழ 2 கோடி டொலர். மாடு இறைச்சியாகிவிட்டது, அவ்விறைச்சியின்மேல் முதலுரிமை கடன்கொடுத்த நிறுவனத்துக்கு இருந்தது. சரியான நிறுவைக்கும் நேர்மையான கொள்முதலுக்குமாக 1921இலேயே இயற்றப்பட்ட சட்டம் 1976இல் திருத்தப்பட்டு, மாடு கைமாறிய மறு வேலைநாள் முடியுமுன் பணம் கொடுக்கப்படவேண்டும் என்றும், கொடுபடும்வரை அவ்விறைச்சி விற்றவனுக்கான நம்பிக்கைப் பொறுப்பாக வைக்கப்படவேண்டும் என்றும் விதித்தது.

தீனியின் தூய்மையைப்பற்றிய மிகக் கொடிய பாடம் பிரித்தானியாவில் நிகழ்ந்தது. அங்கே மாட்டின் இறைச்சிக் கழிவையும் எலும்பையும் பொடித்துக் கூட்டுத்தீனியிற் கலந்தனர். புல்லுண்ணும் விலங்கு தன் இனத்தையே உண்ணும்படி செய்யப்பட்டது. வாங்கிய உழவர் பலருக்கு மூட்டைக்குள் என்ன இருந்தது என்பதே தெரியாது. 1986இல் மாடுகளின் மூளையைக் கெடுக்கும் புதிய நோய் இனங்காணப்பட்டது. 1988இல் அத்தீனி தடைசெய்யப்பட்டும், நோயுற்ற மாடுகள் ஒரு இலட்சத்து எண்பதினாயிரத்தைக் கடந்தன. 1996இல் மனிதருக்கும் அது தொற்றியிருக்கக்கூடும் என அரசு அறிவித்தது; பிரித்தானியாவில் 170க்கும் மேற்பட்டோர் அதனால் இறந்தனர். 1997இல் அமெரிக்காவும் இத்தகைய தீனியை மாடுகளுக்குத் தடுத்தது. மலிவென்று வாங்கப்பட்ட புரதம், வரலாற்றில் மிக விலையுயர்ந்த தீனியாக முடிந்தது.

இத்தனை இருளுக்கிடையே ஒளியும் உண்டு. கால்நடை அறிஞர் ரெம்பிள் கிறான்டின் 1970களில் அரிசோனாத் தீன்பட்டிகளில், மாடுகள் ஒடுங்கிய நடைவழியில் ஏன் மிரண்டு நிற்கின்றன என்று ஆராய்ந்தார். மாட்டின் கண்மட்டத்திலே குனிந்து பார்த்தபோது, தரையில் விழுந்த நிழலும், தொங்கும் சங்கிலியும், வேலியில் மாட்டிய மேற்சட்டையுமே அச்சத்துக்குக் காரணம் என அறிந்தார். அவற்றை அகற்றி நடைவழியை வளைவாக அமைத்தால் அடியும் அதட்டலும் வேண்டாம் என்று காட்டினார். அடிபடாத மாட்டின் இறைச்சி கன்றுவதில்லை. அஞ்சாத மாடு நிறை இழப்பதில்லை. இரக்கமும் இலாபமும் பகையல்ல என்பதைச் சாதித்துக் காட்டியமையால், அவர் வகுத்த ஒழுங்குகளை 1991 முதல் இறைச்சித் தொழிலினரே தமக்கு வழிகாட்டியாக ஏற்றனர்.

எனினும் சட்டங்களும் வழிகாட்டிகளும் மிகுந்த நம் காலத்திலேயே, துறூவின் கதையை விஞ்சும் செய்தியொன்று வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் பெரும் பட்டியொன்றை நடத்திய ஒருவர், இல்லாத மாடுகளை வாங்கியதாகவும் ஊட்டியதாகவும் பல ஆண்டுகளாகப் பற்றுச்சீட்டு எழுதினார் என்று 2021இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த மாயமந்தை இரண்டு இலட்சத்தைக் கடந்தது. பெற்ற பணம் 24 கோடி டொலருக்கு மேல். 2022இல் அவருக்கு 11 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பழைய வணிகன் மாட்டின் வயிற்றில் நீரை நிரப்பினான். இவரோ மாடே இன்றி மாட்டை விற்றார். இத்தனை பெரிய மந்தையைப் பணம் கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்காக நேரிற் சென்று எண்ணவில்லை. தாளில் வந்த எண்ணே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

தீன்பட்டியை நடத்துவோர்க்கு வேண்டிய விழுமியங்களை எவரும் முன்கூட்டியே வகுத்துவைக்கவில்லை. அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் இழப்புக்குப் பின்னர் எழுதப்பட்டவை. நீரூட்டிய மாட்டால் நிறையும், கொட்டிற் பாலால் தீனியும், முறிந்த கம்பனியால் நாள் தவறாக் கொடுப்பனவும், மாயமந்தையால் எண்ணும் எழுதப்பட்டன. இழந்தவர்கள் பெரும்பாலும் பட்டியின் வேலிக்கு வெளியே இருந்தவர்கள்: பணத்துக்குக் காத்திருந்த உழவன், பாலருந்திய குழந்தை, அயற்கிணற்றில் நீர் அள்ளுபவள். பட்டிக்காரனோ வேலிக்கு உள்ளே நிற்பவன்; கெடுதியை முதலிற் காண்பவன் அவனே. தொட்டியில் மிஞ்சிய தீனியையும் தலை தாழ்ந்த மாட்டையும் கண்டவாறே எழுதி, விற்குமுன் தெரிவிப்பானாயின், அடுத்த சட்டம் பிறப்பதற்கு இன்னோர் இழப்பு வேண்டியதில்லை.